கோயில்பிள்ளையைக் கொன்ற யோர்டிஸ்

லிங்வோக் தீவுத் தேவாலயத்தில் ஹல்வார் கோயில்பிள்ளையாகச் சேர்ந்த புதிது. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, வாசலில் பனி தள்ளுவது, கொடி ஏற்றி இறக்குவது எதுவும் அவனுக்குச் சிரமமாக இல்லை. ஆராதனை தொடங்கும்போது முன்னால் போய் நின்று ஆரம்ப ஜெபத்தை வாசிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவன் படித்தது ஏழே வகுப்பு. அதிலும் ஹெர்ரிங் மீன் வருகிற மாசங்களில் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்ததில்லை. பொடி எழுத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் மூன்று ஞாயிறும் திக்கித் திணறினான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது காதில் விழுந்தது.

நாலாவது ஞாயிறு காலை ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் உள்ளே ஒரு தாள். அதே ஜெபம், தட்டச்சு செய்து, வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டு, மூச்சு விட வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு. பெயரில்லை, கையெழுத்தில்லை. அன்று ஹல்வார் ஓரிடத்திலும் தடுக்காமல் வாசித்து முடித்தான். பின்வரிசை கப்சிப்.

யார் வைத்தது என்று நாலு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டான். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஜன்னலில் ஒருநாள் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: "கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிவரை ஆள் இருக்கும்." அதில் ஒரே ஒரு எழுத்து மட்டும் எங்கே வந்தாலும் வரியைவிட்டுக் கொஞ்சம் எம்பி நின்றது. ஹல்வார் சட்டைப்பையிலிருந்து தன் தாளை எடுத்துப் பார்த்தான். அதிலும் அதே எழுத்து அப்படியேதான் எம்பி நின்றது. தட்டச்சு இயந்திரம் யோர்டிஸுடையது. கண்டுபிடித்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்கூட. அவள் சொல்லாமல் செய்ததை அவன் சொல்லாமல் வைத்துக்கொண்டான்.

எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை, யோர்டிஸ் வீட்டு முன்னறைதான். சுவரோடு ஒரு பலகை, அதில் நூற்றுப் பன்னிரண்டு துளை. யார் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் இவள் குரல்தான் கேட்கும். இவள்தான் வயரைச் செருகி இணைத்துவிட வேண்டும். இரண்டு அழைப்புக்கு நடுவில் கம்பளிக் காலுறை பின்னுவாள். பின்னல் அலுத்தால் தட்டச்சு இயந்திரத்தை இழுத்து வைத்துக்கொண்டு யாரையாவது கொல்லுவாள்.

ஆமாம், கொலைக்கதை. வருஷத்துக்கு ஒன்று, ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் கடைக்கு வந்துவிடும். அந்த நாட்டு வழக்கப்படி ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடிசைக்குக் கிளம்புகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தை மறந்தாலும் கொலைக்கதையை மறக்கமாட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் பையில் அவள் எழுதினது இருக்கும்.

அந்தத் தீவில் பாதிரியாரைத் தவிர எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். எழுதுகிறவள் என்று அவளுக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. மரியாதைக்குப் பதிலாக மனத்தாங்கல்தான் இருந்தது. இருபத்தெட்டுப் புத்தகம் எழுதியும் லிங்வோக்கில் ஒரு கொலை நடக்கவில்லை. பக்கத்துத் தீவில் மூன்று பேர் செத்திருந்தார்கள். எதிர்க்கரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் நாயும். சொந்த ஊரில் ஒரு பூனைகூடச் சாகவில்லை.

"முப்பது வருஷமா உனக்குக் காபித்தூள் கொடுக்கறேன்," என்பாள் கடைக்காரி பொர்கில்ட். "ஒரு தடவையாவது என்னைக் கொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

"தினமும் தோணுது. எழுதத்தான் முடியாது."

"ஏன், நாங்க அவ்வளவு மட்டமாப் போயிட்டோமா?"

"வேலைக்குச் சேர்ந்தப்போ சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், பொர்கில்ட். வயர்ல கேட்டது வாய்க்கு வரக்கூடாது. இந்த ஊரைப் பத்தி நான் என்ன எழுதினாலும், யாரோ யார்கிட்டயோ பேசினதுன்னு ஆயிடும். அது கதை இல்ல, கோள்."

"நான் பேசினதை எழுதேன். எனக்கு ஆட்சேபணையே இல்ல."

"நீ பேசறதுக்கு டெலிபோனே தேவையில்லையே. உன் குரல் எதிர்க்கரைக்கே கேக்குது."

அதனால்தான் அவள் ஊர் ஊராகப் போனாள். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரே ஒரு பை, ஒரு பிளாஸ்க், ஒரு நூல்கண்டு. கரையோரக் கப்பலில் ஏறி, தனக்கு ஒருத்தரையும் தெரியாத துறைமுகமாகப் பார்த்து இறங்கிவிடுவாள். மூன்று நாள் அங்கே காபிக் கடையில் உட்கார்ந்து பின்னுவாள். திரும்பி வந்ததும் அடுத்த திங்கட்கிழமை ஹல்வாருக்குக் கதை கிடைக்கும். தேவாலயத்தைப் பெருக்கிப் பூட்டிவிட்டு அவள் அடுக்களைக்கு அவன் காபி குடிக்கப் போவது திங்கட்கிழமைகளில்தான்.

"கையில ஊசி இருந்தா உன்னை யாரும் மனுஷியாவே மதிக்கமாட்டாங்க, ஹல்வார். ஏதோ மூலையில இருக்கற பூந்தொட்டின்னு நினைச்சு எல்லாத்தையும் பேசுவாங்க," என்பாள். "ஒரு ஊரைத் தெரிஞ்சுக்கணும்னா அங்க எதைப் பூட்டி வைக்கறாங்கன்னு பாரு. போன ஊர்ல வீட்டைத் திறந்து போட்டுட்டுப் படகுக் கொட்டகையைப் பூட்டறாங்க. அதுக்கு முந்தின ஊர்ல கல்லறைத் தோட்டத்துக் கேட்டைப் பூட்டறாங்க. அங்க யாரு ஓடிப்போயிடப் போறாங்க?"

"நம்ம ஊர்ல எதைப் பூட்டறோம்?"

"ஜெபவீட்டு ஆர்மோனியத்தை. யாராவது சந்தோஷமான பாட்டை வாசிச்சிடுவாங்களோன்னு பயம்."

கண்டிப்பான பக்திக்காரர்கள் தேவாலயம் போக இன்னொரு பக்கம் தனியாகக் கூடுகிற அந்த ஜெபவீட்டுக்கும் ஹல்வார் போகிறவன். இருந்தாலும் சிரித்துவிட்டான்.

அவன் மனசில் ஒரு நெருடல் மட்டும் இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டான். "யோர்டிஸ், ஆண்டவர் சிலுவையில தொங்கற வாரத்துல ஜனங்க கொலைக்கதை வாசிக்கறாங்களே. அது சரியா?"

அவள் சிரிக்கவில்லை. பின்னலை மடியில் வைத்தாள். "அந்த வாரத்துல நீங்க தேவாலயத்துல வாசிக்கறது என்ன? ஒரு தப்பும் செய்யாதவரைக் கொல்றாங்க. கூட உட்கார்ந்து சாப்பிட்டவனே காட்டிக்கொடுக்கறான். பார்த்தவங்க பயந்துபோய் 'எனக்குத் தெரியாது'ங்கறாங்க. மனுஷங்களைப் பத்தி நான் எழுதறதுல பாதி அங்க கத்துக்கிட்டதுதான். ஆனா என் கதையில செத்தவங்க திரும்பி வர்றதில்ல, ஹல்வார். அந்த மாதிரி முடிக்க எனக்குக் கை வராது."

இதை அவன் மூன்று நாள் மனசில் போட்டுப் புரட்டினான். நாலாம் நாள் அவள் புத்தகம் ஒன்றை வாங்கினான். ஜெபவீட்டுக்காரர்கள் கண்ணில் படாமலிருக்க அட்டைக்கு மட்டும் பழுப்புத்தாள் போட்டுக்கொண்டான். முடிக்க இரண்டு மாசம் ஆனது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல்ல யாரை யோசிப்பே? கொலைகாரனையா, செத்தவனையா?" என்று கேட்டான்.

"ரெண்டு பேரையும் இல்ல. அழறவனை," என்றாள் யோர்டிஸ். "ஒருத்தன் செத்தா யாருக்கு வலிக்கும்னு தெரியாம நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன். யாருமே தேடாத பிணத்தை வெச்சுக்கிட்டு எந்த போலீஸ்காரனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

ஹல்வார் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். தான் செத்தால் யார் அழுவார்கள் என்று அவன் யோசித்தது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருந்தது ஒரே தம்பி, எய்னார். அந்தத் தம்பி அவனோடு பேசிப் பதினைந்து வருஷம் ஆகப்போகிறது.

நடந்தது இவ்வளவுதான். அவர்களுடைய அம்மா ஓலினே இறந்தபோது எய்னார் வடக்கே லோஃபோட்டனில் காட் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். செய்தி போனதும் அம்மா பெயரே வைத்திருந்த தன் படகைத் திருப்பிக்கொண்டு புறப்பட்டான். வழியில் புயல் இரண்டு நாள் மடக்கிப் போட்டுவிட்டது. அடக்க நாளில் அப்போதிருந்த பாதிரியாருக்கு அடுத்த தீவிலும் ஒரு ஆராதனை இருந்தது. அவருடைய படகு துறையில் காத்துக்கொண்டிருந்தது. "ஐயா, ஒரு மணி நேரம் பொறுங்க, தம்பி வந்துடுவான்," என்று சொல்ல ஹல்வாருக்கு நாக்கு நுனிவரை வந்தது. பாதிரியாரிடம் எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். அடக்கம் முடிந்தது. புதைத்து முடித்ததற்கு அடையாளமாக, ஊர் வழக்கப்படி, அரைக்கம்பத்தில் இருந்த கொடியை அவனே கம்பத்தின் உச்சிவரை ஏற்றினான்.

எய்னாரின் படகு அந்த நேரத்தில்தான் தீவின் முனையைச் சுற்றி வந்தது. உச்சியில் பறந்த கொடியைப் பார்த்ததும், தனக்காகக் காத்திருக்காமல் அம்மாவைப் புதைத்துவிட்டார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. துறைக்கு வரவே இல்லை. அங்கேயே படகைத் திருப்பிக்கொண்டு வடக்கே போய்விட்டான். ஹல்வார் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. சில வருஷத்துக்குப் பிறகு அவனும் எழுதுவதை விட்டுவிட்டான். ஜெபத்தில் மட்டும் தம்பி பெயரை விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் லிங்வோக்குக்குத் தானியங்கி டெலிபோன் வந்தது. யோர்டிஸின் பலகையை ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் மிச்சம். அதன் மேல் ஒரு நாள்காட்டியை மாட்டிவிட்டு, "இனிமே உங்க ரகசியமெல்லாம் மெஷின்கிட்ட. அதுக்குப் பின்னத் தெரியாது, பாவம்," என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் கழிந்த திங்கட்கிழமை ஹல்வார் காபி குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான்: "இந்தப் புது டெலிபோன் சரியில்ல, யோர்டிஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரே ஒரு தடவை 'டிரிங்'னுது. எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சு."

யோர்டிஸ் கெட்டிலை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். "ஒரே ஒரு தடவையா?"

"ஆமா. எவனோ நம்பரைத் தப்பாச் சுத்தியிருப்பான்."

அவள் கெட்டிலை அடுப்பிலேயே விட்டுவிட்டாள். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஹல்வார், உன்னைக் கொல்லலாமா?"

வாஃபிளில் ஜாம் தடவிக்கொண்டிருந்த ஹல்வார் கத்தியைக் கீழே வைத்தான். "இப்பவா?"

"அடுத்த ஈஸ்டருக்கு அடுத்த ஈஸ்டர். புத்தகத்துல. நம்ம ஊர்லயே. உன் பேரு, உன் வேலை, எல்லாம் உள்ளபடி."

"நான் கோயில்பிள்ளை, யோர்டிஸ். ஜெபவீட்டுல என்ன சொல்வாங்க?"

"செத்தவனை யாரும் திட்டமாட்டாங்க."

ஒரு வாரம் டைம் கேட்டான். ஜெபம் பண்ணிப் பார்த்தான். தடுக்கிற மாதிரி ஒன்றும் மனசில் தோன்றவில்லை. அடுத்த திங்கட்கிழமை வந்து, குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே நிபந்தனைகளைச் சொன்னான். "தேவாலயத்துக்குள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். கெட்ட வார்த்தை வேண்டாம்."

"கொலை பண்றவங்க ஒரு வார்த்தையாவது திட்டணுமே, ஹல்வார்."

"மனசுக்குள்ள திட்டட்டும்."

"சரி. நான் ஒண்ணு கேக்கட்டுமா? நீ நிஜமாவே செத்துப்போனா, சொல்லாம விட்டோமேன்னு உனக்கு எது இருக்கும்?"

அவன் யோசிக்கவே இல்லை. "ஒரு மணி நேரம் பொறுங்கன்னு அந்தப் பாதிரியார்கிட்ட சொல்லியிருக்கணும். அவ்வளவுதான்."

"அதை எழுதலாமா? நீ வேண்டாம்னா எழுதமாட்டேன்."

குல்லாயை இரண்டு தடவை சுற்றினான். "எழுது," என்றான்.

புத்தகம் வந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. தீவில் இன்னும் பனி இருந்தது. பதினோராம் பக்கத்தில் லிங்வோக் தேவாலயத்துக் கோயில்பிள்ளை ஹல்வார் ஒரு புதன்கிழமை தன் படகுக் கொட்டகையில் செத்துக் கிடந்தான். காபியில் விஷம். அவன் கோட்டுப் பையில் போலீஸ்காரருக்கு ஒரு தாள் கிடைக்கிறது: "தம்பி, ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மன்னித்துக்கொள்." அந்தத் தம்பியைத் தேடிக்கொண்டு போலீஸ்காரர் நாடு பூராவும் அலைவதுதான் கதை. கொலை செய்தது ஊர்க் கடைக்காரி என்று கடைசி அத்தியாயத்தில் தெரியவரும்.

பொர்கில்ட் ஒரே நாளில் வாசித்து முடித்துவிட்டு யோர்டிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். "கொலைகாரி நானா?"

"கடைக்காரின்னுதான் எழுதியிருக்கேன். பேர் இல்லையே."

"என் பச்சைக் கோட்டு இருக்கு. நான் கண்ணாடிக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கறது இருக்கு!"

"அது வயர்ல கேட்டது இல்ல, கண்ணால பார்த்தது. கோபமா?"

"கோபமா? பக்கத்துத் தீவுல இருந்து என்னைப் பார்க்கறதுக்குன்னே ரெண்டு படகு ஆளுங்க வந்துட்டுப் போனாங்க! காபித்தூளைக் கையில வாங்கி மோந்து பார்த்துட்டு வாங்கறாங்க. வியாபாரம் இப்படி நடந்ததே இல்ல."

ஹல்வாருக்குத்தான் தினமும் பாடு. வழியில் பார்க்கிறவர்களெல்லாம், "என்ன, எழுந்துட்டியா?" என்றார்கள். ஜெபவீட்டுப் பெரியவர் ஒருவர், "எனக்கு முன்னாடியே கிளம்பிட்டியே, தம்பி," என்று தோளில் தட்டினார். அவர் வீட்டிலும் பழுப்புத்தாள் போட்ட ஒரு புத்தகம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாக் கிண்டலுக்கும் ஹல்வார் சிரித்து வைத்தான். உள்ளுக்குள் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது: லோஃபோட்டனில் புத்தகக் கடை இருக்கிறதா? தம்பி வாசிப்பானா? வாசித்தாலும் வருவானா?

பெரிய வெள்ளி வந்தது, போனது. கடிதம் இல்லை, டெலிபோன் இல்லை. சனிக்கிழமை மழையும் பனியுமாகக் கொட்டி, விடியலில் உறைந்துபோயிற்று.

ஈஸ்டர் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஹல்வார் தேவாலயத்துக் கொடியை ஏற்றினான். பாதிதூரம் போனதும் கயிறு நின்றுவிட்டது. இழுத்தான், ஆட்டினான், தொங்கிப் பார்த்தான். உச்சியில் சக்கரத்தில் பனி இறுகியிருந்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஆண்டவர் உயிர்த்தெழுந்த காலையில், வானம் துடைத்துவிட்டதுபோல் வெளுத்திருக்க, லிங்வோக்கின் கொடி சரியாக அரைக்கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது.

ஊர் ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. முன்பென்றால் டெலிபோனை எடுத்து, "யோர்டிஸ், கொடி யாருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இப்போது மெஷின். இவர் அவரைக் கூப்பிட, அவர் இன்னொருவரைக் கூப்பிட, எல்லா டெலிபோனும் பேசிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் யாரும் கிடைக்கவில்லை. இன்னார் என்று தெரியாத சாவு. ஊரே மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருந்த சாவோ ஒன்றே ஒன்று. ஒன்பது மணிக்குள் ஜனங்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தது பொர்கில்ட். கறுப்புக் கோட்டு, கையில் பெரிய கேக். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்தவள், கொடிக்கம்பத்தில் ஏணி சாத்தி மேலே நின்றுகொண்டிருந்த ஹல்வாரைப் பார்த்தாள்.

"நீ சாகலையா?"

"இல்லையே."

"நான் உனக்காக அழுதுக்கிட்டே முட்டை அடிச்சேன்! இப்போ இந்தக் கேக்கை என்ன பண்றது?"

"வெச்சிட்டுப் போ. கயிறைப் பிடி."

அடுத்தடுத்து ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் கறுப்பு, ஏழு பேர் கையிலும் பலகாரம். கல்லறைத் தோட்டத்துக் கல்சுவர் மேல் கேக்கும் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வரிசையாக உட்கார்ந்தன. யோர்டிஸும் வந்தாள். அவள் மட்டும் மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஏணிக்கடியில் நின்று கொடியைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். "ஹல்வார், கொஞ்சம் இரு," என்றாள். "ஒரு சத்தம் கேக்குது."

முனைக்குப் பின்னாலிருந்து டுங், டுங், டுங் என்று ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். ஏணியில் நின்ற ஹல்வார் முனைப்பக்கம் திரும்பினான். அந்தச் சத்தம் அவன் தூக்கத்திலும் அறிந்த சத்தம். படகு முனையைச் சுற்றி வந்தது. முகப்பில் 'ஓலினே' என்ற எழுத்து. பதினேழு வருஷத்துக்கு முன்பு திரும்பிப்போன அதே இடத்துக்கு வந்ததும் இன்ஜின் சத்தம் சட்டென்று குறைந்தது.

அடுத்த நொடி இன்ஜின் அலறியது. படகு முழு வேகத்தில் பாய்ந்து வந்து துறைப் பலகையில் டமாரென்று மோதியது. அதிலிருந்து நரைத்த தாடியோடு ஒருவன் குதித்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, கடல் பூட்ஸ் வழுக்க வழுக்க, வாய்விட்டு அழுதுகொண்டே மேட்டில் ஓடி வந்தான்.

கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தவன் கறுப்புக் கோட்டுப் பெண்களைப் பார்த்தான், பலகார வரிசையைப் பார்த்தான், ஏணியில் நிற்கும் அண்ணனைப் பார்த்தான். வாய் திறந்தபடியே நின்றது.

"யாரு செத்தது?"

"யாரும் இல்ல, எய்னார்," என்றான் ஹல்வார். "கயிறு சிக்கிடுச்சு."

எய்னார் தொப்பியாலேயே முகத்தைத் துடைத்தான். "இது பதினேழு வருஷத்துக்கு முன்னாடி சிக்கியிருக்கக் கூடாதா, முட்டாப்பயலே!"

ஹல்வார் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே நினைவில்லை. இறங்கியதும் எய்னார் அவனைத் தொப்பியால் நாலு அடி அடித்தான், ஐந்தாவது அடிக்குக் கட்டிக்கொண்டான். "முனையில வந்து பார்த்தேன், அரைக்கம்பம்," என்று அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். "இந்தத் தடவையாவது புதைக்கறதுக்குள்ள வந்துட்டோம்னு நினைச்சேன்டா. அந்தப் புத்தகத்தைப் படகுல வாசிச்சேன். போலீஸ்காரன் என்னைத் தேடி அலையறான். எனக்குப் பொறுக்கல. பெரிய வியாழன் வலை எல்லாத்தையும் எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்."

"ஒரு டெலிபோன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணினேனே! வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி உன் நம்பரைக் கேப்பேன். இணைக்கறதுக்குள்ள தைரியம் போயிடும். 'வேண்டாம்மா, விட்டுடு'ன்னுடுவேன். பதினஞ்சு வருஷம். மெஷின் வந்தப்புறம் ஒரு தடவை மணி அடிச்சதும் வெச்சிடறேன்." அவன் நிமிர்ந்து யோர்டிஸைப் பார்த்தான். "ஒவ்வொரு தடவையும், 'நான் ஒன்பது மணிவரைக்கும் இருப்பேன், லைன் இருக்கு'ன்னு ஒரு குரல் சொல்லும். அது நீதானே?"

ஹல்வாரும் திரும்பிப் பார்த்தான். பதினைந்து கிறிஸ்துமஸ். எத்தனை திங்கட்கிழமை, எத்தனை காபி!

"எக்ஸ்சேஞ்சுல கேட்டது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள் யோர்டிஸ். அப்படிச் சொன்னவள் முகம் மஞ்சள் ஸ்வெட்டரை விடப் பளிச்சென்று இருந்தது.

பத்தே முக்கால் ஆகியிருந்தது. பதினோரு மணிக்கு ஆராதனை. பாதிரியார் அங்கி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, "ஹல்வார், மணி அடிக்கலாமே," என்றார். இவர் புதியவர், இளைஞர். பழைய கதை எதுவும் தெரியாதவர்.

ஹல்வார் அவரிடம் போனான். தொண்டையைச் செருமிக்கொண்டான். சிவப்பு மையில் யாரும் கோடு போட்டுத் தராமலே, சரியான இடத்தில் மூச்சு விட்டு, ஊர் கேட்கச் சொன்னான்: "ஐயா, ஒரு மணி நேரம் பொறுங்க. என் தம்பி வந்திருக்கான். அம்மாவைப் பார்க்கணும்."

பாதிரியார் அவன் முகத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற தாடிக்காரனைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரம்கூட எடுத்துக்குங்க, ஹல்வார். ஆண்டவர் இன்னைக்கு எழுந்துட்டாரு. அவருக்கு அவசரம் இல்ல," என்றார்.

அண்ணனும் தம்பியும் ஓலினேயின் கல்லறைக்கு முன்னால் குல்லாயும் தொப்பியும் இல்லாமல் வெகுநேரம் நின்றார்கள். அத்தனை நேரமும் லிங்வோக் சபை வெயிலில் கல்சுவரோரம் நின்று, சாவுக்கென்று செய்த கேக்கைத் தின்று காபி குடித்தது. பொர்கில்ட் ஊற்றிய காபியை மட்டும் எல்லாரும் முதலில் அவளையே ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறிச் சக்கரத்துப் பனி இளகியது. இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். கொடி உச்சிக்குப் போனது. பிறகுதான் மணி அடித்தது.

அதற்குப் பிறகு எய்னார் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வந்தான். யோர்டிஸ் இன்னும் நாலு புத்தகம் எழுதினாள். கெஞ்சிக் கூத்தாடின லிங்வோக்காரர்கள் இரண்டு பேர் அதில் செத்தார்கள். பிறகு முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. பெர்கனில் இருக்கும் தங்கையோடு போய் இருப்பதென்று முடிவு செய்தாள்.

கப்பல் ஏறின அன்று துறையில் ஊரே நின்றது. அதே ஒரு பை, அதே பிளாஸ்க். ஹல்வார் தன் பாட்டுப்புத்தகத்திலிருந்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை எடுத்துக் காட்டினான். எம்பி நின்ற எழுத்தும் சிவப்புக் கோடுகளும் மங்கியிருந்தன. "இது யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றான். யோர்டிஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அவன் கையிலேயே வைத்து மூடினாள்.

கப்பல் துறையைவிட்டு நகர்ந்தபோதுதான் ஹல்வாருக்கு, இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்த அந்தக் கேள்வி வெளியே வந்தது. கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்:

"யோர்டிஸ்! அந்தக் கொடிக்கயிறை நீதானே ஏதோ பண்ணினே?"

மேல்தட்டில் மஞ்சள் ஸ்வெட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தது. அவள் சிரிப்புத்தான் முதலில் தண்ணீரைத் தாண்டி வந்தது, பிறகு குரல்:

"ஏணியில ரெண்டு படி ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்! உன்னைக் கொன்னது மட்டும்தான் நான், ஹல்வார். மீதியை எழுதினவரை உனக்குத்தான் நல்லாத் தெரியுமே!"